கரடிக்கு அடியில் பச்சை

மூத்தவளுக்கு ஆபீசில் 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், ஜன்னலெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டி வெளிச்சத்தை அடைத்த ஒரு நீள அறை. அங்கே ஆறு பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை படம் வெட்டுவார்கள். செருப்பு, மிக்ஸி, சீப்பு, குழந்தை வண்டி என்று எவனோ எங்கேயோ எடுத்த போட்டோ வரும். பொருளை மட்டும் நிறுத்திக்கொண்டு, பின்னால் இருக்கிற சுவரையும் மேசையையும் கம்ப்யூட்டரில் வெட்டி எறிய வேண்டும். வெட்டியது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற ஏழாவது ஆள் மூத்தவள். அவள் டிக் போடாமல் ஒரு சீப்பின் பல்கூட அந்த அறையை விட்டு வெளியே போகாது.

அவள் பார்க்கிற விதமே தனி. வெட்டி முடித்த படத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டுக் காட்டும். அது அயோக்கியக் கட்டம் என்பது மூத்தவளின் கட்சி. அதன்மேல் வைத்துப் பார்த்தால் எல்லா விளிம்பும் யோக்கியமாகத்தான் தெரியும். அதனால் படத்துக்கு அடியில் தாள் விரிக்கிற மாதிரி ஒரு லேயர் போட்டு, அதில் முழுக்க ஒரே நிறத்தைக் கொட்டுவாள். முதலில் வெள்ளை. வெட்டாமல் விட்ட நிழலெல்லாம் அழுக்குக் கோடாக நிற்கும். அப்புறம் கறுப்பு. ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைத் துணுக்கெல்லாம் பொருளைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சிடும். கடைசியில் சிவப்பு. இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்த ஓட்டை உடைசல் அதில் மாட்டும். மாட்டியதை வட்டம் போட்டு, சம்பந்தப்பட்டவருக்குத் திருப்பி அனுப்புவாள். "எக்ஸ்ரே கண்ணுல படாம ஒரு முடி தப்பிச்சா அன்னிக்கு எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தரேன்" என்பான் பக்கத்து மெஷின்காரன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். அவன் டீ வாங்கித் தந்ததாகச் சரித்திரமே இல்லை.

வீட்டில் இந்த ராஜாங்கம் கிடையாது. அங்கே மாமியார் வைத்ததுதான் சட்டம். புருஷன் நல்லவன்தான். எதைக் கேட்டாலும் "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்கிற நல்லவன். அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைக்கூட யாராவது வந்து இடம் மாற்றி வைப்பார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த ஒரே இடம், அந்த ஆபீசில் கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி. அதை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இன்னொரு மருமகளும் உண்டு, இவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் இளையவள் ஒரு காரியம் செய்தாள். ஃபிரிட்ஜில் வைத்த தன் பால் பாக்கெட்டின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, அதில் தன் பெயரை எழுதிவிட்டாள். மூத்தவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள், படித்தாள், மூடினாள். வீட்டில் ஐந்து பேர் பால் குடிக்கிறார்கள். இருந்தும் அந்தக் காகிதம் தன்னைப் பார்த்துத்தான் 'திருடி' என்கிறது என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் பட்டுவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான். மூன்று வருஷமாக இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே கொடியில் துணி காயப்போட்டார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. உப்பு தீர்ந்துபோனால், "உப்பு இல்லைன்னு அவகிட்ட சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்வார்கள். அந்த 'அவள்' இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். மாமியாரும் சளைக்காமல் இந்தத் தபால் வேலையைப் பார்த்தாள். இவர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் தன் பாடு திண்டாட்டம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா என்ன.

பேசாமல் இருப்பதென்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அது நாள் முழுக்கச் செய்கிற வேலை. இளையவள் குளியலறையில் தண்ணீரை வீணாக்கினால் மூத்தவளுக்கு ஒரு வசவு தோன்றும். கதவை அடித்துச் சாத்தினால் இன்னொன்று. எதையும் வெளியே விடாமல் சேர்த்து வைத்தாள். என்றைக்காவது வாயைத் திறந்தால் மூட்டையை மொத்தமாக அவிழ்த்துக் கொட்டுவது, அதுவரை ஒரு சொல்லும் உதிர்ப்பதில்லை என்று வைராக்கியம்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை மூத்தவள் ஆபீசுக்குள் நுழைந்தால், மூலை மெஷினில் இளையவள் உட்கார்ந்திருக்கிறாள். 'அம்மா வீட்டுக்குப் போறேன்' என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பியவள். முதலாளி, ஏசி ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதர், உங்கள் வீட்டுப் பெண்ணாமே, சொல்லவே இல்லையே என்று சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் இவள் இதே வேலை பார்த்தவளாம், கொழுந்தன் யாரையோ பிடித்து அந்தப் படங்களைச் சாம்பிளுக்கு அனுப்பியிருக்கிறான், இவருக்கும் பிடித்துப்போய்விட்டது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. சாயங்காலம் மூத்தவள் புருஷனைக் கேட்டாள், உங்களுக்கு இது தெரியுமா என்று. "சொன்னா நீ ஆடுவே. அதான் சொல்லல" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

சரி, வீட்டில்தான் கை கட்டியிருக்கிறது, இங்கே அவள் என் கையைத் தாண்டித்தானே போக வேண்டும் என்று மூத்தவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒரே தெருவில் ஒரே பஸ்ஸுக்கு நின்று, ஒருத்தி முன்வாசலில் ஏறினால் மற்றவள் பின்வாசலில் ஏறி, இருவரும் ஒரே மாடிப்படியை முன்னும் பின்னுமாக ஏறி வந்தார்கள்.

இளையவளிடமிருந்து வந்த முதல் ஃபைல் பாட்டில் கழுவுகிற பிரஷ். வெட்டுகிறவர்களின் உயிரை வாங்குகிற சாமான் அது. நூற்றுக்கணக்கான நார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. மூத்தவள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு அடியில் வெள்ளையைப் போட்டாள். சுத்தம். கறுப்பைப் போட்டாள். சுத்தம். சிவப்பில் பெரிதாக்கி, நார் நாராகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு நல்ல வெட்டை அவள் அந்த ஆபீசில் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. 'விளிம்பு சரியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். எந்த இடத்தில் என்று வட்டம் போடவில்லை. இல்லாத இடத்தில் எப்படிப் போடுவது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஃபைல் திரும்பி வந்தது. மூத்தவள் மறுபடி மூன்று நிறமும் போட்டுப் பார்த்தாள். 'இப்போது பரவாயில்லை' என்று எழுதி டிக் போட்டாள். போனால் போகிறது என்ற பெருந்தன்மையோடுதான் போட்டாள்.

டீ குடிக்கிற நேரத்தில் இளையவள் சோடாபுட்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரல் என்னவோ மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் அறை முழுக்க எட்டுகிற மாதிரி மெதுவு. "நான் அதைத் தொடவே இல்லண்ணா. ஃபைல் பேரை மட்டும் மாத்தி அனுப்பினேன். பரவாயில்லைன்னு வந்துருச்சு."

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லோரும் டம்ளருக்குள் சிரித்தார்கள். மூத்தவளுக்கு முகத்தில் கரியை அள்ளிப் பூசியது போலாயிற்று. அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. அவளுடைய கண்ணைப் பற்றி அந்த அறையில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை. இனி பொய்க் குற்றம் உதவாது, நிஜக் குற்றம் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகு இளையவளின் படங்களை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, போலீஸ்காரன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். மற்றவர்கள் படத்தை ஒரு தரம் சுற்றி வந்தால் இவள் படத்தை நாலு தரம் சுற்றினாள். சல்லடை, பூந்துடைப்பம், நாய்க்குட்டி, குஞ்சம் வைத்த தலையணை. எல்லாம் மூன்று நிறத்திலும் தேறின. தேறத் தேற வயிற்றெரிச்சல் ஏறியது. நல்ல வேலையைக் கண்டால் மனசு குளிர்கிறவள்தான் அவள். இவளுடையதைக் கண்டால் மட்டும் கொதித்தது.

அப்போதுதான் பொம்மைக் கம்பெனி வேலை வந்தது. காப்பிநிறக் கரடி பொம்மை, உடம்பெல்லாம் நீள நீள முடி. அட்டைப்பெட்டியின்மேல் அச்சடிக்க வேண்டிய படம், பெட்டி வெள்ளை. அவர்கள் கரடியை ஒரு சிவப்பு சோபாவில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்திருந்தார்கள். இளையவள் வெட்டி அனுப்பினாள். வழக்கம்போல வெள்ளையில் தேறியது, கறுப்பில் தேறியது, சிவப்பில் தேறியது. மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது. சோபா சிவப்பு. தான் போட்டுப் பார்க்கிற நிறமும் சிவப்பு. சோபாவின் சாயம் முடியில் ஒட்டியிருந்தால் சிவப்புமேல் எப்படித் தெரியும்? வெள்ளையிலும் கறுப்பிலும் அது காப்பிநிற முடியோடு முடியாகக் கலந்துவிடும்.

சிவப்பை எடுத்துவிட்டுக் கிளிப்பச்சையைக் கொட்டினாள்.

இடது காது முழுக்க, முடி நுனியில் ரத்தக்கோடு போலச் சிவப்பு. தோளிலும் இருந்தது. மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டாள், அவர் வந்தார், அவர் பின்னாலேயே அறையில் இருந்த எல்லோரும் வந்தார்கள். காதைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டி, சிவப்புமேல் ஏன் தெரியவில்லை, பச்சைமேல் ஏன் தெரிகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தாள். இளையவள் பக்கம் திரும்பாமல், முதலாளியைப் பார்த்துத்தான் எல்லாம் சொன்னாள். இந்தக் கண் வேறு யாருக்கும் வராது என்று முதலாளி சொன்னார். இளையவளைப் பார்த்து, கவனமாகச் செய்யம்மா, இப்படி ஒன்றிரண்டு வந்தால் நான் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். இளையவள் தலையை ஆட்டினாள். அவள் காது சிவந்திருந்ததை மூத்தவள் கண் கவனித்தது, கவனித்து இனித்தது.

அந்த இனிப்பு போதாமல்தான் அவள் அடுத்த காரியத்தைச் செய்தாள். வழக்கமாகக் குற்றத்தை வட்டம் போட்டுவிட்டு, அடியில் போட்ட நிறத்தை எடுத்துவிட்டுத்தான் ஃபைலைத் திருப்புவாள். அந்த ஆபீசில் அது அவளே வைத்த சட்டம்: அடியில் நிறம் போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும், மற்றவர் கை வைக்கக் கூடாது. ஒரு சமயம் சோடாபுட்டிக்காரன் அவள் போட்ட கறுப்பை எடுக்கிறேன் என்று பொருளின் நிழலையும் சேர்த்து எடுத்துத் தொலைத்ததிலிருந்து வந்த சட்டம். அன்றைக்கு மட்டும் அவள் பச்சையை வேண்டுமென்றே விட்டு வைத்தாள். அவளே பார்க்கட்டும், பார்த்துப் பார்த்துக் காது முழுக்கத் திருத்தட்டும் என்று பச்சையோடு அனுப்பினாள்.

சாயங்காலம் கரடி திரும்பி வந்தது, அதே பச்சையின்மேல் உட்கார்ந்துகொண்டு. காது சுத்தம். தோள் சுத்தம். மூத்தவள் நம்பவில்லை. பெரிதாக்கிப் பாதத்திலிருந்து ஆரம்பித்தாள், அக்குள், கழுத்து, வலது காது, மறுபடி பாதம். ஒன்றாவது மிச்சம் இருக்கும் என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கரடியின் முடியைத் தவிர அவள் கண்ணுக்கு உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. பச்சை தெரிந்தது, ஆனால் அது அவள் போட்ட தரை. தரையை யார் பார்க்கிறார்கள்? கடைசியில் ஒன்றும் அகப்படாத எரிச்சலில், தொலையட்டும் சனியன் என்று டிக்கைப் போட்டு அனுப்பிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டாள்.

அச்சகத்தார் கொடுத்ததை அடிப்பார்கள். கேள்வி கேட்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

சில நாள் கழித்துப் பொம்மைக் கம்பெனிக்காரர் ஒரு மடிக்காத அட்டைப்பெட்டியோடு நேரில் வந்தார். முதலாளியின் மேசைமேல் அதை விரித்துப் போட்டார். வெள்ளைப் பெட்டி, நடுவில் கிளிப்பச்சையில் ஒரு சதுரம், அதற்குள் கரடி. கரடியின் முடி அவ்வளவு அழகாக வெட்டப்பட்டிருந்தது. கம்பெனிக்காரர் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் கத்திவிட்டு, இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டார். முதலாளி பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். ஏசியை நிறுத்தினார். அவர் கோபத்தில் முதலில் செய்வது அதுதான்.

பச்சை யார் போட்டது என்று கேட்டார். கேட்பானேன், அவரையே கூப்பிட்டுக் காட்டியதுதானே. "நான்தான் சார்" என்றாள் மூத்தவள். ஏன் எடுக்கவில்லை என்றார். மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் மறக்கவில்லை, பார்க்கவில்லை. அது இன்னும் கேவலம்.

முதலாளி இளையவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, திருத்தும்போது உனக்குப் பச்சை தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். போட்டவங்கதான் எடுக்கணும்னு அக்கா சட்டம் வச்சிருக்காங்க. அதான் தொடல."

"சரி, தொட வேணாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உன் மெஷினுக்கும் இவங்க மெஷினுக்கும் நடுவுல ஆறா ஓடுது?"

இளையவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "சொல்லியிருக்கலாம் சார். நாங்க பேசிக்கறதில்ல."

சோடாபுட்டிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். மூன்று வருஷமாக வீட்டுச் சுவருக்குள் வைத்திருந்ததை அவள் நடு ஆபீசில் போட்டு உடைத்துவிட்டாள், அதுவும் பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு. இவளுக்குத் தெரியும் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். பச்சை அச்சாகி வரும் என்று தெரிந்தேதான் அதைத் தொடாமல் அனுப்பியிருக்கிறாள். மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாள். இவள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள் என்பதும் மூத்தவளுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது.

"உங்க வீட்டுச் சண்டையை நான் எதுக்குப் பெட்டியில அச்சடிச்சுக் குடுக்கணும்?" என்றார் முதலாளி. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சரிபார்க்கிறவள் இந்த அறையில் எல்லோரிடமும் பேச வேண்டும், பேசாதவளை அங்கே உட்கார வைத்துக்கொண்டு தன்னால் தொழில் நடத்த முடியாது என்றார். கண் இரண்டு பேருக்கும் இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்றார். பிறகு மூத்தவளின் நாற்காலி முதுகின்மேல் கையை வைத்தார்.

"இப்ப, என் முன்னாடி, ரெண்டு பேர்ல யாரு அடுத்தவங்ககிட்ட முதல்ல ஒரு வார்த்தை பேசறாங்களோ அவங்க இதுல உக்காரட்டும். இன்னொருத்தர் வெட்டட்டும். நல்ல வார்த்தையா இருக்கணும்னுகூட நான் சொல்லல." மூத்தவளைப் பார்த்தார். "நீதாம்மா பழைய ஆளு. உனக்குத்தான் முதல் வாய்ப்பு."

ஒரு வார்த்தை. 'ஏய்' என்றால்கூடப் போதும். மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. வாயில் வந்ததெல்லாம் சேர்த்து வைத்த வசவுகள். அதை அவிழ்க்கிற இடமா இது? அத்தனையும் விட்டுவிட்டு 'என்ன', 'வா' என்று ஒரு சப்பைச் சொல்லைப் போட்டால், அத்தனை நாள் வாயைக் கட்டியது எதற்கு? இவளிடம் தோற்றதாக ஆகிவிடாதா? வீட்டில் மாமியாருக்கு இன்றைக்கே சேதி போகும், உங்கள் மூத்த மருமகள்தான் முதலில் வாய் திறந்தாள் என்று. உதட்டைப் பிரித்தாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். உதட்டை மறுபடி மூடிக்கொண்டாள்.

முதலாளி இளையவளைப் பார்த்தார்.

இளையவள் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். நிதானமாகத்தான் வந்தாள். மூத்தவளின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் குனிந்து, சொந்த அக்காவைக் கேட்கிற மாதிரி அவ்வளவு பதவிசாகக் கேட்டாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

எவ்வளவு நல்ல பெண் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. அந்தக் குரலுக்குள் இருந்த கத்தி மூத்தவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. இளையவளும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறாள், மூன்று வருஷமாக, இந்த ஒரு வாக்கியத்தை. மூத்தவள் எழுந்தாள். எழுந்திருக்காமல் என்ன செய்வது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். இளையவள் உட்கார்ந்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஒரு அழுத்து அழுத்தி இறக்கிக்கொண்டாள். முதலாளி ஏசியைப் போட்டார். அவரவர் மெஷின் பக்கம் திரும்பினார்கள்.

மூத்தவள் மூலை மெஷினைப் பார்த்து இரண்டடி வைத்தவள் நின்றாள். கை வெறுமையாக இருந்தது. சாப்பாட்டு டப்பா, பஸ் பாஸ், வீட்டுச் சாவி எல்லாம் அந்த மேசைக்கு அடியில், இப்போது இளையவளின் கால் இருக்கிற இடத்தில். திரும்பி வந்தாள்.

"என் பை கீழ இருக்கு. எடுத்துக்கறேன்" என்றாள் இளையவளிடம்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளியே போகப்போன முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதைத்தானேம்மா கேட்டேன்" என்றார்.

இளையவள் உட்கார்ந்தபடியே குனிந்து, பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.